பாதி வைத்த கிண்ணம்

குட்டி மறுபடியும் பாதியைத்தான் சாப்பிட்டிருந்தது.

வயிறு நிறைந்து மீதம் வைத்த மாதிரி இல்லை. கிண்ணத்தின் நடுவே யாரோ கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி ஒரு பக்கம் நக்கித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மறுபக்கம் பாலில் ஊறிய ரொட்டி மூக்குகூடப் படாமல் அப்படியே கிடந்தது. இரண்டரை மாதக் குட்டி. விலா எலும்புகளை இன்னும் விரல் வைத்து எண்ணலாம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எந்தக் குட்டியும் கிண்ணத்தில் மீதம் வைக்காது. கிண்ணத்தையே தின்றுவிடப் பார்க்கும். இது மட்டும் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டே போய், கூண்டின் மூலையில் தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பிறகு இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்து துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. விருந்தாளிக்குப் பரிமாறிவிட்டு, அவர் கை வைக்கட்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்காரரைப் போல.

தரை துடைக்கும் கட்டையைப் பிடித்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைவிடப்பட்ட நாய்களுக்கான அந்தக் காப்பகத்தில் அவளுக்குப் பதினேழு வருடம். டாக்டரிலிருந்து தண்ணீர் வண்டிக்காரர்வரை எல்லோருக்கும் அவள் அக்கா. குழியில் விழுந்ததை எடுப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கடைசியில் வாசல் பலகையில் ‘தத்துக்குத் தயார்’ என்று அட்டை எழுதி ஒட்டுவது, எல்லாம் அவள் வேலை. தினமும் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் கண்ணை மூடி, “இறைவா, இன்னைக்கு ஒரு வாயாவது கூடுதலா பசியாறட்டும்” என்று சொல்லிக்கொள்வாள். அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

“சின்ன வயிறு அக்கா, அப்படித்தான் இருக்கும்,” என்றாள் டாக்டர், குட்டியின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தபடி. “எடை ஏறுதே! உங்களைவிட இதுதான் ஒழுங்கா சாப்பிடுது. நீங்க இந்த ஒன்றரை மாசத்துல துடைப்பக்குச்சி ஆயிட்டீங்க.”

“மீதியை யாரு சாப்பிடறா டாக்டர்? காலையில வந்து பார்த்தா கிண்ணம் காலியா இருக்கே.”

“எலியா இருக்கும்.”

எலி பருக்கை சிந்தும், புழுக்கை போடும். அவளுக்குத் தெரியும். இந்தக் கிண்ணத்தின் விளிம்பில் காலைதோறும் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம்தான் ஒட்டியிருந்தது. காய்ந்தால் இறுகிவிடும், நகத்தால் சுரண்டினால்தான் போகும். அதில் ஒரு வாசனையும் இருந்தது. புதிதாகக் கட்டுகிற வீட்டைத் தாண்டிப் போகும்போது மூக்கில் ஏறுமே, அந்த ஈர சிமெண்ட் வாசனை. அவள் கிண்ணத்தை இரண்டு தடவை கழுவுவாள். பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையும் கழுவுவாள்.

தத்துப் போகும்வரை குட்டிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வளர்க்கப் போகிறவர்கள் வைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனாலும் இதை எல்லோரும் ‘பாதி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் அதுவும் மடிந்த இடது காதைத் தூக்கிக்கொண்டு வந்தது.

அதன் அட்டையை அவள்தான் எழுதினாள். ஆண். பழுப்பு நிறம். தடுப்பூசி போட்டாயிற்று. குழந்தைகளோடு நன்றாகப் பழகும். கடைசிக் கட்டத்தில் ‘கூடப் பிறந்தவை’ என்று ஒரு கேள்வி. ஒன்றாக வளர்ந்த குட்டிகளை முடிந்தவரை ஒரே வீட்டுக்குக் கொடுப்பதற்காக இருந்த கட்டம் அது. அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினேழு வருடத்தில் அவள் எந்த அட்டையிலும் பொய் எழுதியதில்லை. கடிக்கிற நாயைக் கடிக்கும் என்றுதான் எழுதுவாள்.

‘இல்லை’ என்று எழுதினாள்.

*

ஒன்றரை மாதத்துக்கு முன், பாதி கிடைத்த நாள். சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த இடம் அது. பழைய வடிகால் குழாய் ஒன்றை மூடுவதற்காகச் சிமெண்ட் கலவை வண்டி வந்து உறுமிக்கொண்டு நின்றது. குழாய்க்குள் முனகல் கேட்கிறது என்று மேஸ்திரிதான் காப்பகத்துக்குப் போன் செய்தார். அவள் மண்ணில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, ஒரு மாதக் குட்டி ஒன்றை வெளியே இழுத்தாள். நனைந்த கந்தல் மாதிரி அது கையில் தொங்கியது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதற்கு ஒரு விதி உண்டு. ஒரு குட்டியை எடுத்த பிறகு, சுற்றியுள்ள எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, முழுசாக ஐந்து நிமிடம் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்ததும் மற்றவை பயத்தில் மூச்சையே அடக்கிக்கொள்ளும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் சத்தமே வராது. நாலாவது நிமிடம்தான் தாங்க முடியாமல் தாயைக் கூப்பிடும். காப்பகத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். அந்த விதியே அவள் போட்டதுதான்.

அன்றைக்கும் வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டுக் காதை வைத்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். போன் அடித்தது.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். முதல் நாள்தான் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். “நீ போய் உன் பிள்ளைங்களைப் பாரு, நான் எங்கே ஓடிடப் போறேன்?” என்று சிரித்து அனுப்பியவரும் அவர்தான். போனில் ஒரு பெண் குரல், “உடனே வாங்க, கொஞ்சம் சீக்கிரம்” என்றது.

அவள் எழுந்துவிட்டாள். மேஸ்திரி கேட்டார்: “அக்கா, கலவை இறுகிட்டு இருக்கு. வேற இல்லையே? ஊத்திடலாமா?”

“இல்லை. ஊத்துங்க.”

குட்டி அவள் கையிலிருந்து குழாயைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும், போகிற வழியெல்லாம் இறைவனிடம் ஒரே ஒரு பெரிய வரம் கேட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள். பத்து நிமிடம் முன்னால்தான், என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தச் சாலைக்குப் போனாள். குழாய் இருந்த இடம் சமமாக, வழவழப்பாக, சாம்பல் நிறமாக இருந்தது. மேலே ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

*

ஒரு தையல்காரர் பாதியைத் தத்தெடுத்துக்கொண்டு போனார். மனைவி, நாலு வயது மகள், கடையும் வீடும் ஒரே இடம். நல்ல மனுஷர். அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது.

தத்துப் போன மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்குக் காப்பகத்திலிருந்து ஒரு போன் போகும். சாப்பிடுகிறதா, தூங்குகிறதா என்று விசாரிப்பார்கள். எடுக்கவில்லையென்றால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அவள் போனைக் கையில் எடுக்கும்போதே தையல்காரர் வாசலில் நின்றார். தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து மடிந்த காது எட்டிப் பார்த்தது.

“தப்பா நெனைக்காதீங்க அக்கா. குட்டி தங்கம். ஒரு நூலைக்கூட இழுக்கல. என் மச்சான் கடையில உக்காந்திருக்கிறதுக்கு இதையே உக்கார வச்சுடலாம்.”

“அப்புறம் ஏன் கொண்டுவந்தீங்க?”

அவர் சிரிப்பு அடங்கியது. பையின் வாரை முறுக்கிக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் என் பொண்ணு பாத்ரூம்ல தரையில காதை வச்சுப் படுத்திருந்தா. என்னடி பண்றேன்னு கேட்டேன். ‘சத்தம் போடாதேப்பா, இதோட தம்பி பாப்பா உள்ள இருக்கு, குளிருதாம்’னா. விளையாடறான்னு நெனச்சு, நானும் பக்கத்துல படுத்துக் காதை வச்சேன்.” பையைத் தோளிலிருந்து இறக்கினார். “வைக்காம இருந்திருக்கலாம்.”

அவள் பையிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

“ஒரு குட்டிதானே கெடச்சுது அக்கா? நீங்கதானே எடுத்தீங்க?”

“ஆமாம்.”

“வேற இல்லையே?”

மேஸ்திரி கேட்ட அதே கேள்வி. “இல்லை,” என்றாள்.

அவர் ஒரு புதுக் கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் இறுகிப் போயிருந்தது. “எவ்வளவு தேய்ச்சும் போகல,” என்று சொல்லிவிட்டு, குட்டியின் தலையை ஒரு முறை தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “குழந்தைங்க ஆயிரம் சொல்லும். நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க? அன்னைக்கு அஞ்சு நிமிஷம் கேட்டீங்கல்ல?”

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. டாக்டர் திட்டியிருக்க மாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கூட அழுதிருப்பாள். ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

“கேட்டேன்,” என்றாள் அவள். பிறகு, “இதை நானே வீட்டுக்குக் கொண்டுபோறேன் டாக்டர்,” என்றாள்.

“நல்லதுதான். உங்களுக்கும் துணையாச்சு. ஆனா விதின்னா விதி. மூணாம் நாள் ஐந்தரைக்கு நான் போன் பண்ணுவேன். எடுக்கலேன்னா வீட்டுக்கே வந்துடுவேன்.”

*

வீட்டில் அவர் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. அவள் இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைத்தாள். கை அப்படிப் பழகியிருந்தது. இரண்டு தட்டு எடுத்துவைத்து, ஒன்றை மூடிவைத்து, ஒன்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே பாதியும் கிண்ணத்தில் பாதியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. முதல் நாள் அதைப் பார்த்து அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. “உனக்கும் எனக்கும் ஒரே வியாதிடா,” என்றாள். குட்டி வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. ஒன்றரை மாதத்தில் அவளை யாரும் தொட்டிருக்கவில்லை.

பின்பக்கம் துணி துவைக்கிற சின்ன முற்றம். தண்ணீர் வெளியேறுவதற்குச் சுவரின் அடியில், தரையோடு தரையாக, ஒரு சாண் அகலத்தில் குழாய் வாய். பாதி கிண்ணத்தை அங்கேதான் தள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் காலை கிண்ணம் காலி. தரையில் சாம்பல் நிறத் தடங்கள். குழாயிலிருந்து கிண்ணம்வரை, கிண்ணத்திலிருந்து குழாய்வரை. அவள் பாதியின் முன்காலைத் தூக்கி ஒரு தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். தடம் சிறியது. பாதி வளர்ந்துவிட்டது, இவை வளரவில்லை. ஒரு மாதக் குட்டியின் பாதம். அவள் தரையிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பயம் வரவில்லை. பசியோடு வந்து, பசியாறி, இருட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறதே என்று அழுகைதான் வந்தது.

அதற்கடுத்த நாள் தடங்கள் சமையலறைப் படிவரை வந்திருந்தன.

மூன்றாம் நாள் பிற்பகலிலிருந்தே மழை. ஐந்து மணிக்கெல்லாம் வீடு இருண்டு, மின்சாரமும் போய்விட்டது. காப்பகத்திலிருந்து எடுத்துவந்திருந்த பாதியின் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கடைசிக் கட்டத்தில் இருந்த ‘இல்லை’யை அடித்தாள். அந்த இடத்தில், ‘நான் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்’ என்று எழுதினாள். நெஞ்சு கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. போன் வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

“இறைவா,” என்றாள், “அன்னைக்கு ரெண்டு நிமிஷம் கேட்டேன். மீதியை இன்னைக்குக் கேக்கறேன்.”

போனை முன்னறை மேசையிலேயே வைத்துவிட்டு, அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, பின்முற்றத்தின் ஈரத் தரையில் குப்புறப் படுத்துக் குழாய் வாயில் காதை வைத்தாள். கடிகாரத்தில் ஐந்து இருபத்தெட்டு. பாதி தன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

முதல் நிமிடம், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தமும், கூரை விளிம்பிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற சத்தமும், அவள் காதுக்குள்ளேயே ஓடுகிற ரத்தத்தின் சத்தமும் கலந்து, குழாய்க்குள்ளிருந்து வருகிற காற்று கன்னத்தில் சில்லென்று பட்டுக்கொண்டிருந்தது; அந்தக் காற்றில் பாசி வாசனையும் சோப்பு வாசனையும் இருந்தன, அவற்றுக்கு அடியில், வெகு தூரத்திலிருந்து வருகிற மாதிரி, ஈர சிமெண்ட் வாசனையும் இருந்தது.

இரண்டாவது நிமிடம் காற்று நின்றுவிட்டது. யாரோ உள்ளே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி நின்றது.

முன்னறையில் போன் அடித்தது.

ஐந்தரை. டாக்டர்தான். அவளுக்குத் தெரியும். ஆனாலும் அதே போன் மணி, அதே இரண்டாவது நிமிடம். கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. உடம்பு முழுவதும் அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஓடத் தயாரானது. அவள் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“போக மாட்டேன்,” என்று குழாய்க்குள் சொன்னாள். “இந்தத் தடவை போக மாட்டேன்.”

போன் அடித்து ஓய்ந்தது.

மூன்றாவது நிமிடம். மழைகூடக் கேட்கவில்லை.

நாலாவது நிமிடம் முனகல் வந்தது.

மெல்லிய, கம்பி போன்ற சத்தம். பால் கேட்கிற சத்தம். பதினேழு வருடத்தில் ஆயிரம் தடவை கேட்டது.

“வந்துட்டேன் கண்ணு. வந்துட்டேன். இங்கதான் இருக்கேன்.”

கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. குழாய் சுவரைத் தாண்டியிருக்க வேண்டும். விரல்கள் வெளியே மழையில் நனைய வேண்டும். நனையவில்லை. குழாய் போய்க்கொண்டே இருந்தது. தோள் சுவரில் இடித்தது.

உள்ளங்கையில் ஒரு மூக்கு பட்டது.

சில்லென்று. சின்னதாக. ஒரு நாக்கு விரலை நக்கிப் பார்த்தது. பல் அரும்புகிற ஈறு விரல் நுனியைப் பற்றிச் சப்ப ஆரம்பித்தது.

அவள் அழுதாள். “ஒண்ணு,” என்றாள்.

அடுத்த விரலில் இன்னொரு வாய்.

“ரெண்டு.”

அடுத்த விரல்.

அடுத்த விரல்.

நாலு. அவள் ‘இல்லை’ என்று சொன்னது நாலு குட்டிகளை.

“மன்னிச்சுடுங்கடா. வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க. எடுத்துடறேன்.” கையைப் பின்னால் இழுத்தாள்.

கை வரவில்லை.

கடித்துப் பிடிக்கவில்லை அவை. சப்பிக்கொண்டுதான் இருந்தன, பசியோடு, ஆசையோடு. பிடித்தது வேறு. விரல்களைச் சுற்றி ஏதோ கூழாக வழிந்தது. குளிர்ந்து. கனமாக. மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு ஏறியது. அந்த வாசனை. வாயெல்லாம், தொண்டையெல்லாம் அந்த வாசனை. அவள் காலை உதைத்து இழுத்தாள். தோள் சுவரில் தேய்ந்தது. அசையவில்லை. கூழ் இறுகிக்கொண்டிருந்தது. விரல்கள் மரத்துவிட்டன. சப்புவது மட்டும் தெரிந்தது.

பிறகு அதுவும் மெதுவாயிற்று. ஒன்று நின்றது. இன்னொன்று நின்றது.

குழாயின் வாய்வரை சாம்பல் நிறம் வந்து, அவள் தோளைச் சுற்றி, வழவழப்பாக, சமமாக நின்றது.

முன்னறையில் போன் மறுபடியும் அடித்தது. டாக்டர் இன்னொரு முறை முயல்கிறாள். எட்டே அடி தூரம். “டாக்டர்!” என்று கத்தினாள். மழை அதை வாங்கிக்கொண்டது. போன் அடித்தது. அடித்தது. நின்றது.

இருட்டில் பாதி எழுந்த சத்தம் கேட்டது.

தரையில் கிண்ணம் உரசுகிற சத்தம். கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து வந்தது. வழக்கமாகப் போகிற குழாய்ப் பக்கம் போகவில்லை. அவள் கன்னத்துக்கு எதிரே, ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. கிண்ணத்தின் ஒரு பக்கம் நக்கித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மறுபக்கம் மூக்குகூடப் படாமல் அப்படியே இருந்தது.

குட்டி அதை இன்னும் ஒரு முறை, கவனமாக, அவள் வாயருகே தள்ளி வைத்தது. பிறகு இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்து, அவளையே பார்த்துக் காத்திருந்தது.